கேட்பவருக்குத் தெரியுமா? – ஆங்கிலத்தின் சிறு சொற்களைத் தெரிவுசெய்தல்

தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரு தாளில் மூன்று நிரல் கீறி, பிழைகளை எண்ணிக்கொண்டு போவது என் வழக்கம். முதல் நிரல் எழுத்துப் பிழைக்கு, இரண்டாவது காலப் பிழைக்கு, மூன்றாவது சின்னச் சின்னச் சொற்களுக்கு. ஒவ்வொரு தவணையும் முதலில் நிரம்புவது மூன்றாவது நிரல்தான். எஜுகேஷன், என்வைரன்மன்ட், ரெஸ்பொன்ஸிபிலிட்டி போன்ற நீண்ட சொற்களை எங்கள் பிள்ளைகள் அழகாக எழுதிவிடுகிறார்கள். ஏ, அன், த, மை, சம், எனி, ஃப்யூ, லிட்டில், ஈச், எவ்ரி என்று வரும் இந்தக் கடுகுச் சொற்களில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று, அது எது, யாருடையது, எத்தனை, எவ்வளவு என்று வரையறுத்துக் காட்டும் இச்சொற்களை ஆங்கில இலக்கணக்காரர் டிட்டர்மினர் என்பர். நாம் வரையறைச் சொல் என்று வைத்துக்கொள்ளலாம். இது தமிழ்ச் சஞ்சிகை என்பதால் ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். கண்ணால் ஓட்டாமல் வாய்விட்டு வாசியுங்கள். ஒலியாகக் கேட்டால் புரியும்.

இந்தப் பிழைகளுக்குக் காரணம் கேட்டால் மாணவிகளிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "டீச்சர், தமிழில இப்படி ஒரு சாமானே இல்லையே!" பெற்றோர் கூட்டத்திலும் இதே பேச்சு. இல்லாத ஒன்றை எப்படிப் படிப்பது, அதற்காகத்தானே டியூஷனுக்கு அனுப்புகிறோம் என்கிறார்கள். டியூஷன் கொப்பியைப் பார்த்தால் 'த' வரும் இடங்கள் இருபது, 'த' வராத இடங்கள் பதினைந்து என்று பட்டியல் இருக்கிறது. பிள்ளை அதை மனனம் செய்துகொண்டு வந்து, கட்டுரை எழுத உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறாள். குற்றம் பிள்ளையில் இல்லை. நமக்குள் ஏற்கெனவே இருக்கிற ஓர் அறிவைத் தட்டி எழுப்பாமல், வெளியிலிருந்து முப்பத்தைந்து விதிகளை ஏற்றப் பார்க்கிறோம்.

தமிழில் இல்லையா? ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்திய வாரம் ஒரு வீட்டில் பேச்சு நடக்கிறது. "வாப்பா ஆடு வாங்கினார்" என்கிறாள் ஒரு பிள்ளை. "வாப்பா ஆட்டை வாங்கினார்" என்கிறாள் இன்னொருத்தி. இரண்டும் ஒன்றா? முதலாவதைக் கேட்டால் ஏதோ ஓர் ஆடு வாங்கியிருக்கிறார் என்று விளங்கும். இரண்டாவதைக் கேட்டால், நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு விலை பேசிக்கொண்டு வந்த அந்த ஆடு என்று விளங்கும். 'ஐ' என்கிற இரண்டாம் வேற்றுமை உருபு அங்கே 'த' செய்கிற வேலையைச் செய்கிறது. "புத்தகம் வாங்கணும்" என்று உம்மாவிடம் சொன்னால் "என்ன புத்தகம்?" என்று கேட்பார். "புத்தகத்த வாங்கணும்" என்று சொன்னால், நீங்கள் முன்பே சொன்ன புத்தகம் அவருக்கு ஞாபகம் வரவேண்டும், வராவிட்டால் "எந்தப் புத்தகத்த?" என்பார். ஆக, வேறுபாடு நமக்குத் தெரிந்ததுதான். தமிழ் அதைச் சொல்லின் வாலில் வைக்கிறது, அதுவும் எல்லா இடத்திலும் அல்ல. ஆங்கிலம் தலையில் வைக்கிறது.

சிங்களத்தில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரியும். பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது "பஸ் எக எனவா" என்று ஒருவர் சொன்னால், நாம் காத்திருக்கிற பஸ் வருகிறது. பையைத் தூக்கிக்கொள்ள வேண்டியதுதான். "பஸ் எகக் எனவா" என்றால் ஏதோ ஒரு பஸ் வருகிறது. நம்முடையதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். 'பொத' என்றால் த புக். 'பொதக்' என்றால் ஏ புக். சொல்லின் கடைசியில் ஒட்டும் அந்த ஒரு 'க்' தான் ஆங்கிலத்தின் 'ஏ'. எனக்கு இங்கிலிஷ் சுத்தமாக வராது என்று சொல்லும் ஓர் உம்மா, கடையில் நின்று சிங்களத்தில் பேரம் பேசும்போது இந்த 'க்'கை ஓரிடத்திலும் பிழையாகப் போடுவதில்லை. விதி படித்தா அதைக் கற்றுக்கொண்டார்? எதிரே நிற்பவருக்கு விளங்கவேண்டும் என்ற தேவையில் கற்றுக்கொண்டார்.

அறபு படிக்கும் பிள்ளைகளுக்கோ இது சிறுவயதிலிருந்தே பழக்கம். கிதாபுன் என்றால் ஒரு புத்தகம். அல்கிதாபு என்றால் இன்ன புத்தகம் என்று அறியப்பட்டது. 'அல்' வந்ததும் கடைசியில் இருந்த தன்வீன் போய்விடுகிறது. இரண்டும் சேர்ந்து வராது. ஆங்கிலத்திலும் 'ஏ'யும் 'த'வும் ஒரே பெயர்ச்சொல்லுக்கு முன் சேர்ந்து நிற்பதில்லை. தமிழ், சிங்களம், அறபு என்று மூன்று மொழியில் புழங்கும் பிள்ளைக்கு டிட்டர்மினர் புதிய விருந்தாளியே அல்ல.

அப்படியானால் விதி என்ன? முப்பத்தைந்துக்குப் பதிலாக நான் வகுப்பில் ஒரு கேள்வியைத்தான் முதலில் கரும்பலகையில் எழுதுவேன்: நான் சொல்வது எது என்று கேட்பவருக்குத் தெரியுமா? கவனியுங்கள், எனக்குத் தெரியுமா என்பதல்ல கேள்வி. எழுதுகிற எனக்கு எல்லாம் தெரியும். என் வீட்டு நாயை எனக்குத் தெரியும், நேற்று என்னைப் பார்க்க வந்தவரைத் தெரியும். வாசிக்கிறவருக்குத் தெரியுமா? தெரியும், அல்லது என் வாக்கியத்தைக் கொண்டே கண்டுபிடித்துவிடுவார் என்றால் 'த'. தெரியாது, இப்போதுதான் முதன்முதலில் அறிமுகப்படுத்துகிறேன் என்றால், எண்ணக்கூடிய ஒருமைப் பெயருக்கு 'ஏ' அல்லது 'அன்'.

"ஒரு முறை சொன்னால் ஏ, மறுமுறை சொன்னால் த" என்று பாடப்புத்தகம் சொல்லுமே என்பீர்கள். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. சாப்பாட்டு மேசையில் "பாஸ் மீ த சோல்ட்" என்கிறோம். அதற்கு முன் உப்பைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். மேசையில் இருப்பது ஓர் உப்புக் கிண்ணம், அது எது என்று எல்லோருக்கும் தெரியும். "த பிரின்சிபல் வோன்ட்ஸ் டு சீ யூ" என்று ஒரு மாணவி ஓடிவந்து சொன்னால், எந்த அதிபர் என்று யாரும் கேட்பதில்லை. த சன், த மூன் என்பதும் இதே கணக்குத்தான். முஸ்லிம்கள் ஆங்கிலத்தில் "த ப்ராஃபெட்" என்று சொன்ன மாத்திரத்தில் நபி முஹம்மத் (ஸல்) அவர்களை விளங்கிக்கொள்கிறோம். மூஸா (அலை) அவர்களைப் பற்றி அறியாத ஒருவருக்குச் சொல்லும்போது "மூஸா வொஸ் ஏ ப்ராஃபெட்", நபிமார்களில் ஒருவர், என்று எழுதுகிறோம். சொல் ஒன்றே. கேட்பவர் மனதில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதுதான் வேறு.

இந்த 'த' எவ்வளவு வலியது என்பதற்கு ஒரு பரிசோதனை உண்டு. 1975 இல் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸும் கைடோ ஸன்னியும் ஒரு வாகன விபத்துப் படத்தை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்டார்கள். சிலரிடம் "டிட் யூ சீ ஏ ப்ரோக்கன் ஹெட்லைட்?" என்று கேட்டார்கள். மற்றவர்களிடம் "டிட் யூ சீ த ப்ரோக்கன் ஹெட்லைட்?" என்று கேட்டார்கள். படத்தில் இல்லாத பொருள்களைப் பற்றியும் இப்படிக் கேட்டார்கள். 'த' போட்டுக் கேட்கப்பட்டவர்களிடையே, இல்லாததைக் கண்டேன் என்று சொன்னவர்கள் கூடுதலாக இருந்தார்கள். காரணம் இலகு. 'ஏ' என்றால், அப்படி ஒன்று இருந்ததா என்று கேட்கிறோம். 'த' என்றால், அது இருந்தது, உனக்கும் தெரியும், கண்டாயா என்று கேட்கிறோம். நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறவரிடம் இந்த இரண்டில் எதைப் போட்டுக் கேட்பது என்பது சின்ன விஷயமா?

'ஏ'க்கும் 'அன்'னுக்கும் இடையில் தெரிவுசெய்வது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 'ஒரு வீடு', 'ஓர் ஊர்' என்று எழுதத் தெரிந்தவருக்கு இது முன்பே தெரியும்: உயிரொலிக்கு முன் ஓர், உயிரொலிக்கு முன் அன். ஆங்கில எழுத்துத்தான் குழப்பும். நேரத்தைக் குறிக்கும் சொல்லை 'எச்' எழுத்தில் தொடங்கி எழுதினாலும் சொல்வது 'அவர்' என்று. எனவே அன் அவர். பல்கலைக்கழகத்தை 'யூ' எழுத்தில் தொடங்கினாலும் வாயில் வருவது 'யூனிவர்சிட்டி', அதாவது யகர ஒலி. எனவே ஏ யூனிவர்சிட்டி. சந்தேகம் வந்தால் அச்சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதலெழுத்து அ முதல் ஔ வரை என்றால் அன். அன் எம்.பி., அன் எஸ்.எம்.எஸ். என்பதும் இப்படித்தான். உயிரொலிக்கு முன் 'த'வும் 'தி' என்று ஒலி மாறும். 'அல்'லின் லாம், அஷ்ஷம்ஸு என்னும்போது மறைந்து அல்கமரு என்னும்போது வெளிவருவதை ஓதிப் பழகிய உங்களுக்கு, அடுத்த ஒலியைப் பார்த்து முன் சொல் மாறுவது ஆச்சரியமாக இராது.

இனி, ஒன்றுமே போடாமல் விடும் இடம். எனக்குக் கேட்டால் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கடினம். எண்ண முடியாத பொருளையோ, ஓர் இனம் முழுவதையுமோ பொதுவாகப் பேசும்போது ஆங்கிலம் எதையும் போடாது. இங்கே அறபு நன்றாகத் தெரிந்த பிள்ளைகள்தான் கூடுதலாகப் பிழை விடுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. "அல்இல்மு நூருன்" என்கிறோம். இல்முக்கு அல் இருக்கிறது, ஆகவே "த நொலேஜ் இஸ் ஏ லைட்" என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் "நொலேஜ் இஸ் லைட்", அவ்வளவுதான். ஸப்ரு என்னும் குணத்தை அஸ்ஸப்ரு என்று அறபு சொல்லும். ஆங்கிலம் பேஷன்ஸ் என்று மொட்டையாகச் சொல்லும். "லைஃப் இஸ் ஷோர்ட்" என்று எழுத வேண்டும். ஆனால் குறிப்பிட்ட ஒருவரின் வாழ்வு என்று குறுக்கிவிட்டால் கேட்பவருக்கு எது என்று தெரிந்துவிடுகிறது: "த லைஃப் ஒஃப் சித்தி லெப்பை". பழைய கேள்விதான் இங்கும் உதவுகிறது.

'ஏ'யை விட்டதால் உலகமே பேசிய ஒரு வாக்கியம் இருக்கிறது. 1969 ஜூலையில் சந்திரனில் கால்வைத்த நீல் ஆம்ஸ்ட்ரோங், ஒரு மனிதனுக்கு இது சிறிய அடி, மனித குலத்துக்குப் பெரிய பாய்ச்சல் என்ற கருத்தில் பேசினார். ஒலிப்பதிவில் 'மேன்' என்ற சொல்லுக்கு முன் 'ஏ' கேட்கவில்லை. 'ஏ மேன்' என்றால் ஒரு மனிதன். வெறும் 'மேன்' என்றால் மனித குலம். அப்படியானால் வாக்கியத்தின் இரண்டு பாதியும் ஒரே பொருளாகிவிடும். 'ஏ'யைச் சொல்லத்தான் நினைத்தேன் என்றார் அவர். சொன்னாரா, விழுங்கிவிட்டாரா என்று ஒலிப்பதிவை வைத்து இன்னும் விவாதிக்கிறார்கள்.

அது சுவையான கதை. அடுத்தது அப்படியல்ல. 1967 நவம்பர் 22 இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 242ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அண்மைய போரில் கைப்பற்றிய பிரதேசங்களிலிருந்து இஸ்ரேலியப் படைகள் வெளியேறவேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். ஆங்கில வாசகத்தில் 'டெரிட்டரீஸ்' என்ற பன்மைச் சொல்லுக்கு முன் 'த' இல்லை. 'த' இல்லாததால் எல்லாப் பிரதேசங்களிலிருந்தும் என்று பொருளாகாது என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். பிரெஞ்சு வாசகத்தில் அந்த இடத்தில் வரையறைச் சொல் இருக்கிறது, போரினால் நிலத்தைச் சேர்த்துக்கொள்வதை ஏற்க முடியாது என்று தீர்மானத்தின் முகப்பும் சொல்கிறது, ஆகவே எல்லாம்தான் என்று மறுசாரார் வாதிட்டார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் அந்த வாதம் ஓயவில்லை. பிணக்கின் காரணம் இலக்கணம் மட்டுமே என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு மக்களின் நிலத்தைப் பற்றிய பேச்சில் ஒரு 'த' எவ்வளவு இடம் பிடித்துவிட்டது, பாருங்கள்.

பெற்றோருக்கு உதவும் ஒரு வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை படிக்கப் போவது "கோஸ் டு ஸ்கூல்". நீங்கள் அதிபரைச் சந்திக்க அந்தக் கட்டடத்துக்குப் போவது "வென்ட் டு த ஸ்கூல்". பிரித்தானிய வழக்கில் "இன் ஹொஸ்பிடல்" என்றால் நோயாளியாக அனுமதிக்கப்பட்டிருக்கிறார். "இன் த ஹொஸ்பிடல்" என்றால் அந்த இடத்தில் இருக்கிறார், பார்க்கப் போயிருக்கலாம். லீவுக் கடிதம் எழுதும்போது இது பயன்படும். ஆனால் பள்ளிவாசலுக்குத் தொழப் போனாலும் "டு த மொஸ்க்" என்றுதான் வழக்கு. ஏன் அங்கே மட்டும் 'த' என்று கேட்டால் வழக்கு என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. வெளிநாட்டுப் பெயர்களும் அப்படித்தான். வாப்பா கட்டாரில் என்றால் "இன் கட்டார்". யூ.ஏ.ஈ.யில் என்றால் "இன் த யூ.ஏ.ஈ." பல எமிரேட்டுகள் கூடிய பன்மைப் பெயர் அது. ஆறுகளுக்கும் சமுத்திரங்களுக்கும் 'த' உண்டு: த மகாவலி, தி இண்டியன் ஓஷன். தனி மலைக்கும் ஊருக்கும் இல்லை.

அடுத்தது எனக்கு மிகவும் முக்கியமாகப்படும் இடம். உயர்தரம் முடித்த ஒரு மாணவி, அலுவலக வேலை ஒன்றுக்கு எழுதிய விண்ணப்பக் கடிதத்தை என்னிடம் காட்ட வந்தாள். ஆறு மாதக் கணினிப் பாடநெறி முடித்தவள், கையில் மூன்று சான்றிதழ் உள்ளவள். கடிதத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "ஐ ஹேவ் லிட்டில் நொலேஜ் ஒஃப் கம்ப்யூட்டர்ஸ். ஐ ஹேவ் ஃப்யூ சர்டிஃபிகேட்ஸ்." பெருமையடிக்கக் கூடாது, கொஞ்சம் தெரியும் என்று அடக்கமாகச் சொல்லவேண்டும் என்பது அவள் எண்ணம். அவள் எழுதியதைத் தமிழில் சொல்லிக்காட்டினேன்: "எனக்குக் கணினி அறிவு கொஞ்சம்தான் இருக்கிறது, இல்லை என்றே சொல்லலாம். சான்றிதழும் பெரிதாக இல்லை." "ஐயோ டீச்சர், நான் அப்பிடிச் சொல்லவே இல்லையே!" என்றாள்.

அவள் சொல்லவில்லைதான். விடுபட்ட 'ஏ' சொல்லிவிட்டது. "ஏ லிட்டில்" என்றால் கொஞ்சம் இருக்கிறது. கை உள்ளதை நோக்கி நீள்கிறது. "லிட்டில்" என்றால் கொஞ்சம்தான் இருக்கிறது. கண் இல்லாததைப் பார்க்கிறது. "ஏ ஃப்யூ"வுக்கும் "ஃப்யூ"வுக்கும் இதே வேறுபாடு. முதலிரண்டு எண்ண முடியாதவற்றுக்கு, பின்னிரண்டு எண்ணக்கூடியவற்றுக்கு. தமிழில் இதை 'தான்' என்ற இடைச்சொல் செய்கிறது. "கொஞ்சம் காசு இருக்கு" என்றால் கடைக்குப் போகலாம். "கொஞ்சக் காசுதான் இருக்கு" என்றால் வீட்டிலிருக்க வேண்டியதுதான். மாணவிகளே, 'கொஞ்சம்' எழுத வரும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு 'தான்' ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் பொருள் சரியாகிறதா? அப்போது 'ஏ' வேண்டாம். 'தான்' ஒட்டினால் நீங்கள் நினைத்தது கெட்டுப்போகிறதா? 'ஏ' போடுங்கள்.

அவளுடைய கடிதத்தில் 'ஏ' போட்டதோடு நாங்கள் நிறுத்தவில்லை. "ஏ ஃப்யூ சர்டிஃபிகேட்ஸ்" என்பதைவிட "த்ரீ சர்டிஃபிகேட்ஸ்" நல்லது அல்லவா? எண்ணும் ஒரு வரையறைச் சொல்தான். மூன்று இருக்கும்போது மூன்று என்று சொல்வதில் பெருமையும் இல்லை, அடக்கக் குறைவும் இல்லை. கடிதத்தை வாசிக்கிற அந்த அலுவலருக்கு அவளைத் தெரியாது; தாளில் உள்ள சொற்களை மட்டுந்தான் தெரியும்.

உடைமையைக் காட்டும் சொற்களில் நம் வீட்டுப் பேச்சு நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. "எங்கட உம்மா", "எங்கட வாப்பா" என்றுதான் சொல்கிறோம். அதில் ஒரு பாசம் இருக்கிறது. அதையே "அவர் மதர்" என்று எழுதினால், அண்ணன் தங்கைமார் எல்லோரும் கூடி நின்று எழுதுவது போல் ஆகும். தனியாக எழுதும்போது மை மதர், மை ஃபாதர். தமிழில் "கை முறிந்துவிட்டது" என்றால் யாருடைய கை என்று சொல்லத் தேவையில்லை. ஆங்கிலம் அங்கே ஹிஸ், ஹர், மை என்று ஒன்றை எதிர்பார்க்கும். இன்னொன்று, "என்னுடைய எல்லாத் தோழிகளும்" என்பதை அப்படியே ஏற்றி "மை ஓல் ஃப்ரெண்ட்ஸ்" என்று எழுதுவது. ஆங்கிலத்தில் ஓல் முன்னால் ஏறிக்கொள்ளும்: ஓல் மை ஃப்ரெண்ட்ஸ். அதேபோல் த, மை, திஸ் மூன்றுக்கும் ஒரு கதிரைதான் உண்டு. ஒருவர் அமர்ந்தால் மற்றவர் நிற்க வேண்டும். த மை புக் என்றோ திஸ் மை ஃப்ரெண்ட் என்றோ வராது. ஈச், எவ்ரி இரண்டும் ஒருமையைத்தான் கூட்டிக்கொண்டு வரும்: எவ்ரி ஸ்டூடன்ட். அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஹோம்வேர்க், ஃபேர்னிச்சர் ஆகியவற்றை ஆங்கிலம் எண்ணாது. அவற்றுக்கு ஏ, அன், மெனி போடாதீர்கள், சம், மச் போடலாம். நாம் அறிவுரைகளையும் தளபாடங்களையும் தாராளமாக எண்ணுகிறவர்கள் என்பதால் இந்தச் சிறு பட்டியலை மட்டும் மனனம் செய்துதான் ஆகவேண்டும்.

வீட்டில் பழக ஒரு வழி சொல்கிறேன். ஆங்கிலம் தெரியாத உம்மாமாரும் உதவலாம். பிள்ளை எழுதிய பத்து வரியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அவள் தமிழில் சொல்லச் சொல்ல, நீங்கள் "எது? எனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேளுங்கள். "நாய் குரைத்தது." "எந்த நாய்?" உங்களுக்கு அந்தக் கேள்வி எழுந்தால், அங்கே 'த' போட அவளுக்கு உரிமையில்லை. நீங்கள்தான் கேட்பவர், இந்தப் பாடத்தில் தீர்ப்புச் சொல்கிறவரும் நீங்கள்தான்.

கீழே உள்ள பகுதியில் இடைவெளிகளை நிரப்புங்கள். சில இடங்களில் ஒன்றும் வராது.

மை கஸின் லிவ்ஸ் இன் ..... வில்லேஜ் நியர் கல்முனை. ..... வில்லேஜ் ஹேஸ் ..... மொஸ்க் அண்ட் ..... ஷொப்ஸ். ஷி கோஸ் டு ..... ஸ்கூல் பை ..... பஸ். லாஸ்ட் வீக் ..... பஸ் டிட் நொட் கம், ஸோ ..... ஃபாதர் டுக் ஹர் ஒன் ஹிஸ் மோட்டர் பைக்.

முதலாவது இடைவெளிக்கு ஏ, இரண்டாவதற்கு த, மூன்றாவதற்கு ஏ. ஸ்கூலுக்கும், 'பை'க்குப் பின் வரும் பஸ்ஸுக்கும் ஒன்றும் வேண்டாம். வராமல் போன பஸ், அவள் தினமும் போகிற பஸ். 'பஸ் எக'வை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஹர். கடைகளுக்கு முன்னால் உள்ள இடைவெளியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அங்கே ஏ ஃப்யூவும் வரும், ஃப்யூவும் வரும். எழுதுகிறவளுக்கு அந்த ஊர் பிடித்திருக்கிறதா, இல்லையா என்பதைப் பொறுத்து விடை மாறும். உங்கள் விடையை எழுதி, ஏன் என்று பக்கத்தில் தமிழில் ஒரு வரியும் எழுதிக்கொண்டு வாருங்கள். நான் முதலில் வாசிப்பது அந்த வரியைத்தான்.